1978: ஐந்து மாதங்கள், மூன்று செய்மதிகள், ஒரு சூறாவளி

அண்மையில் ஒரு நண்பர் வீட்டில் கூடியிருந்தபோது பேச்சு காலநிலை மாற்றத்தின் பக்கம் திரும்பியது. "கடல்மட்டம் உயர்கிறதா இல்லையா என்று இனியும் விவாதிக்க என்ன இருக்கிறது? செய்மதி அளந்து சொல்லிவிட்டது. செய்மதிக்கு அரசியல் இல்லை" என்றார் ஒருவர். "அதை மேலே அனுப்பியவர்களுக்கு அரசியல் உண்டே. அது அதிகாரத்தின் கண். அந்தக் கண்ணில் படுவதைத்தான் நாங்கள் உண்மை என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். விஞ்ஞானமும் ஒரு பெருங்கதையாடல்தான்" என்றார் மற்றவர். புலம்பெயர்ந்த எமது கூடல்களில் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கும் இரண்டு குரல்கள் இவை. பேசுபொருள் மட்டும் மாறும். வழமைபோலத் தேநீர் ஆறியது, கடைசி ரயிலுக்கு நேரமாயிற்று, விவாதம் முடியவில்லை.

வீடு திரும்பும் வழியில் ஒன்று உறைத்தது. செய்மதியைப் பற்றி இவ்வளவு பேசிய எங்களில் ஒருவர்கூட, செய்மதி கடலை எப்படி அளக்கிறது என்று கேட்கவில்லை. ஒரு கருவியின் வரலாற்றை அறியாமலே அதைத் தெய்வமாக்குவதும் பிசாசாக்குவதும் சிந்திக்கச் சோம்பல்படுவதன் இரண்டு வடிவங்கள் என்றே கருதுகிறேன். இக்கட்டுரை அந்த வரலாற்றின் சில பக்கங்களைப் புரட்டிப் பார்க்க முயல்கிறது. எமக்கு நன்கு தெரிந்த ஓர் ஆண்டிலிருந்து தொடங்குகிறேன்.

1. ஓர் ஆண்டு, இரண்டு நாட்காட்டிகள்

கிழக்கிலங்கையைச் சேர்ந்த, வயதில் மூத்த எவரிடமும் 1978 என்று சொல்லிப் பாருங்கள். புதிய அரசியலமைப்பு வந்த ஆண்டு என்று அரசியல் ஆர்வமுள்ளவர்கள் சொல்லக்கூடும். மற்றவர்கள் சூறாவளி என்பார்கள். நவம்பர் 23ஆம் திகதி இரவு வங்காள விரிகுடாவிலிருந்து வந்த அந்தச் சூறாவளி மட்டக்களப்புப் பிரதேசத்தைத் தாக்கியது. ஏறத்தாழ ஆயிரம் பேர் மாண்டனர். கூரைகள் பறந்தன. மட்டக்களப்பின் தென்னந்தோப்புகளில் பெரும்பகுதி ஓரிரவில் அழிந்தது. ஒரு தென்னை காய்க்க எத்தனை ஆண்டுகள் எடுக்கும் என்பது தெரிந்தவர்களுக்கு அந்த அழிவின் பொருள் விளங்கும்.

அதே ஆண்டுக்கு இன்னொரு நாட்காட்டியும் உண்டு. 1978 ஜூன் 27ஆம் திகதி அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாஸா 'சீசாட்' என்ற செய்மதியை ஏவியது. கடலை அளப்பதற்கென்றே, நுண்ணலைக் கருவிகளின் ஒரு முழுத் தொகுதியுடன் அமைக்கப்பட்ட முதலாவது செய்மதி அது. 105 நாட்களே இயங்கிய அது, மின்வழங்கல் தொகுதியில் ஏற்பட்ட குறுஞ்சுற்றினால் ஒக்டோபர் 10ஆம் திகதி செயலிழந்தது. மூன்று நாட்கள் கழித்து, ஒக்டோபர் 13ஆம் திகதி, வளிமண்டலத்தின் வெப்பநிலையை அளக்கும் நுண்ணலைக் கருவியுடன் 'ரைரோஸ்-என்' மேலே சென்றது. ஒக்டோபர் 24ஆம் திகதி 'நிம்பஸ்-7' சென்றது. ஓசோன் படலத்தை நாள்தோறும் உலகளாவிய வகையில் வரைபடமாக்கும் கருவியும், துருவக் கடல்களின் பனிப்பரப்பை மேகத்தையும் இருளையும் ஊடுருவி அளக்கும் கருவியும், கடலின் நிறத்தைக் கொண்டு அதிலுள்ள நுண்தாவரங்களை மதிப்பிடும் கருவியும் அதில் இருந்தன. மட்டக்களப்பில் சூறாவளி வீசியது அதிலிருந்து முப்பதாவது நாள்.

இன்று நாம் பார்க்கும் காலநிலை வரைபடங்கள் பல 1979இலிருந்து தொடங்குவது ஏன் என்று யோசித்திருக்கிறோமா? ஆர்க்டிக் பனி, ஓசோன், வளிமண்டல வெப்பநிலை ஆகிய மூன்றின் தொடர்ச்சியான செய்மதிப் பதிவும் 1978இன் கடைசி வாரங்களில்தான் ஆரம்பிக்கிறது. பூமி அந்த ஆண்டில் மாறத் தொடங்கியது என்பது அதன் பொருளல்ல. அந்த ஆண்டிலிருந்து எண்கள் இருக்கின்றன என்பதே பொருள். எண்கள் தொடங்கும் இடத்தில் வரலாறு தொடங்குவதாக மயங்குவது எளிது.

2. பார்த்தலும் அளத்தலும்

இதற்கு முன்னரே செய்மதிகள் வானிலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டன. 1960 ஏப்ரல் 1ஆம் திகதி ஏவப்பட்ட 'ரைரோஸ்-1' இரண்டு தொலைக்காட்சிக் கமராக்களைச் சுமந்து சென்று, 78 நாட்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை அனுப்பியது. மேகக் கூட்டங்களின் சுழல் வடிவங்களை மனிதர் மேலிருந்து ஒழுங்காகக் காணத் தொடங்கியது அப்போதுதான். ஆனால் படம் வேறு, அளவு வேறு. மேகத்தின் படத்தைப் பார்த்து "இங்கே புயல் இருக்கிறது" என்று சொல்லலாம். அதன் கீழே கடல் எத்தனை பாகை வெப்பத்தில் இருக்கிறது, காற்று என்ன வேகத்தில் வீசுகிறது, நீர்மட்டம் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று சொல்லமுடியாது.

அவற்றைச் சொல்லவந்தவையே 1978இன் கருவிகள். அவை எதையும் நேரடியாக அளப்பதில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். கடலில் வெப்பமானியை அமிழ்த்துவது போன்ற வேலை அல்ல இது. எண்ணூறு கிலோமீற்றர் உயரத்தில் இருந்துகொண்டு கதிர்வீச்சை மட்டுமே உணரலாம். கடலின் மேற்பரப்பு வெளிவிடும் அகச்சிவப்புக் கதிரிலிருந்து அதன் வெப்பநிலை கணிக்கப்படுகிறது. காற்று கடலின் முகத்தில் எழுப்பும் சிற்றலைகளில் பட்டுத் திரும்பும் ரடார் கதிரின் வலிமையிலிருந்து காற்றின் வேகம் கணிக்கப்படுகிறது. காற்றிலுள்ள ஒட்சிசன் இயல்பாகவே வெளிவிடும் நுண்ணலைகளிலிருந்து அந்தக் காற்றின் வெப்பநிலை கணிக்கப்படுகிறது.

கடல்மட்டத்தை எடுத்துக்கொள்வோம். செய்மதியிலுள்ள ரடார் உயரமானி கீழ்நோக்கி ஒரு துடிப்பை அனுப்புகிறது. அது கடலில் பட்டுத் திரும்பிவரும் நேரம் அளக்கப்படுகிறது. ஒளியின் வேகம் தெரியுமாதலால் தூரம் தெரிகிறது. கேட்பதற்கு எளிது. ஆனால் ஒளி ஒரு செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் 30 சதமமீற்றர் சென்றுவிடும். சில சதமமீற்றர் துல்லியம் வேண்டுமென்றால் கடிகாரம் எவ்வளவு நுண்மையாக இருக்கவேண்டும் என்று எண்ணிப்பாருங்கள். அதுவும் போதாது. வழியிலுள்ள நீராவி துடிப்பைத் தாமதப்படுத்தும், அதைக் கழிக்கவேண்டும். மேல்வளியிலுள்ள மின்னேற்றத் துகள்களும் தாமதப்படுத்தும், அதையும் கழிக்கவேண்டும். வற்றுப்பெருக்கைக் கழிக்கவேண்டும். செய்மதி அந்தக் கணத்தில் எந்த உயரத்தில் இருந்தது என்பதை வேறு வழியில் கண்டுபிடிக்கவேண்டும். இவ்வளவுக்கும் பிறகு எஞ்சுவதே கடல்மட்டம் என்று நாம் பத்திரிகையில் படிக்கும் எண்.

ஆகவே "செய்மதி அளந்து சொல்லிவிட்டது" என்ற என் முதலாவது நண்பரின் வாக்கியத்தில் எழுவாயே பிழை. செய்மதி ஒரு நேரத்தை அளந்தது. சொன்னவர்கள் மனிதர்கள், நீண்ட கணக்கு ஒன்றின் முடிவில்.

3. கடற்படையின் கடல்

இரண்டாவது நண்பருக்கு உவப்பான பகுதி இது. கடலை மேலிருந்து அளக்க விரும்பியவர்கள் கடலியலாளர்கள் மட்டுமல்லர். கடலடியில் ஒரு மலை இருந்தால் அதன் ஈர்ப்பு சுற்றியுள்ள நீரைத் தன்பால் இழுக்கிறது. அதனால் மலைக்கு மேலே கடலின் மேற்பரப்பு ஓரிரு மீற்றர் உயர்ந்து நிற்கும். பல கிலோமீற்றர் அகலத்தில் பரந்த மேடு என்பதால் கப்பலில் செல்பவருக்கு அது தெரியாது. ரடார் உயரமானிக்குத் தெரியும். கடலின் முகத்தை நுண்மையாக அளந்தால் கடலடியின் வடிவத்தையும் ஈர்ப்புப் புலத்தையும் அறியலாம். நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவப்படும் அணுவாயுத ஏவுகணை இலக்குத் தவறாமல் செல்ல அந்த ஈர்ப்புப் புலம் பற்றிய அறிவு தேவை.

சீசாட் இது சாத்தியம் என்பதைக் காட்டியது. 1985 மார்ச்சில் அமெரிக்கக் கடற்படை தனது சொந்தச் செய்மதியான 'ஜியோசாட்'டை ஏவியது. அது முதல் பதினெட்டு மாதங்களில் திரட்டிய தரவுகள் இராணுவ இரகசியமாக்கப்பட்டன. எவருக்கும் சொந்தமில்லாத சமுத்திரங்களின் அடித்தளம் ஒரு நாட்டின் கடற்படையினது பெட்டகத்துக்குள் பூட்டப்பட்டது என்று சொன்னால் அது மிகையல்ல.

பூட்டு திறந்த விதமும் படிக்கவேண்டியது. 1991இல் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 'ஈஆர்எஸ்-1'ஐ ஏவியது. பனிப்போர் முடிந்திருந்தது. ஐரோப்பியச் செய்மதியும் அதே வகையான நெருக்கமான அளவீட்டைச் செய்து முடித்தபின், 1995 ஜூலையில் அமெரிக்கக் கடற்படை தன் தரவுகளை வெளியிட்டது. வேறொருவரும் அறிந்துவிட்டதை மறைப்பதில் பயனில்லை அல்லவா? அந்த இரண்டு தரவுகளையும் கப்பல்கள் ஆழமறிந்து எழுதிவைத்திருந்த பழைய பதிவுகளுடன் இணைத்து, வால்ரர் ஸ்மித், டேவிட் சான்ட்வெல் ஆகிய இருவரும் 1997இல் உலகக் கடலடியின் வரைபடத்தை வெளியிட்டார்கள். கப்பல்கள் ஒருபோதும் கடக்காத பரப்புகளில் எவரும் அறியாதிருந்த மலைகள் அதில் தெரிந்தன.

அதிகாரத்தின் கண் என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. ஆனால் அதே கதை இன்னொன்றையும் சொல்கிறது. ஏவுகணைக்காக அளக்கப்பட்ட எண் பொய்யான எண்ணாக இருக்கவில்லை. அந்தக் கடற்படையின் நோக்கத்தோடு எந்த உடன்பாடும் இல்லாதவர்கள் அதையே வேறு பதிவுகளுடன் ஒப்பிட்டுச் சரிபார்த்து, வேறு தேவைக்குப் பயன்படுத்தினார்கள். பிறப்பிடத்தைக் கொண்டு ஓர் எண்ணின் நோக்கத்தை அறியலாம், உண்மையை அறியமுடியாது.

4. ஓசோன்: ஒரு கட்டுக்கதையும் அதன் திருத்தமும்

அந்தாட்டிக்காவில் ஹாலி குடா என்ற இடத்தில் பிரித்தானியருக்கு ஓர் ஆய்வுநிலையம் உண்டு. 1950களின் பிற்பகுதியிலிருந்து அங்கே ஆண்டு தவறாமல் ஓசோன் அளக்கப்பட்டு வந்தது. அதற்குப் பயன்பட்டது, ஒக்ஸ்போர்ட்டைச் சேர்ந்த கோர்டன் டொப்சன் 1920களில் வடிவமைத்த கருவி. நிலத்தில் நின்று சூரிய ஒளியைப் பகுத்து, எவ்வளவு ஓசோன் அதை வடிகட்டியிருக்கிறது என்று காட்டும் பழைய பெட்டி. ஜோ ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனதன் ஷாங்க்லின் ஆகிய மூவரும் ஒக்டோபர் மாத அளவுகள் ஆண்டுக்காண்டு சரிந்து வருவதைக் கண்டார்கள். ஒருகாலத்தில் 300 டொப்சன் அலகை அண்டியிருந்த அளவு 1984 அளவில் 200ஐ அண்டி வந்துவிட்டது. உலகம் முழுவதையும் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்த நிம்பஸ்-7இன் குழுவினர் எதையும் சொல்லாதபோது நாம் மட்டும் இதைச் சொல்வதா என்ற தயக்கம் அவர்களுக்கு இருந்தது. 1985 மே மாதம் 'நேச்சர்' சஞ்சிகையில் அவர்களது கட்டுரை வெளிவந்தது. அடுத்த ஆண்டு நிம்பஸ் குழுவினர் தமது தரவுகளை வெளியிட்டபோது, ஒரு கண்டம் அளவான பள்ளம் அவற்றில் தெளிவாகவே இருந்தது.

இதைப் பலரும் சொல்லும் விதம் ஒன்றுண்டு: 'நாஸாவின் கணனி குறைந்த அளவுகளைப் பிழையென்று கருதித் தூக்கியெறிந்துவிட்டது, எளிய மனிதர்கள் பழைய கருவியால் உண்மையைக் கண்டார்கள்.' எம்மைப் போன்றவர்களுக்கு மிகவும் பிடித்த கதை. ஆனால் நடந்தது சற்று வேறு. 180 அலகுக்குக் கீழான அளவுகளை மென்பொருள் சந்தேகத்துக்குரியவை எனக் குறியிட்டு வைத்தது, அழிக்கவில்லை. அவ்வாறு குறியிடப்பட்டவை குவிந்து கிடப்பதை 1984இல் குழுவினர் கவனித்தார்கள். கருவியின் கோளாறா என்று அறிய, தென்துருவத்திலிருந்த அமெரிக்க நிலையத்தின் நிலத்து அளவுகளோடு ஒப்பிட்டார்கள். அவை 300 அளவில் இருந்தன. செய்மதிதான் பிழை என்ற எண்ணம் வலுப்பட்டது. உண்மையில் பிழையாக எடுக்கப்பட்டிருந்தவை அந்த நிலத்து அளவுகளே என்பது பின்னர்தான் தெரியவந்தது. பவன் பார்த்தியா என்ற இந்திய விஞ்ஞானி தமது குழுவின் முடிவை 1985 கோடையில் ஒரு மாநாட்டில் முன்வைக்கத் தயாராகிக்கொண்டிருந்தபோது ஃபார்மனின் கட்டுரை முந்திக்கொண்டது.

ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? 'மேலே பொய், கீழே உண்மை' என்ற வாய்பாட்டை இந்த வரலாறு தாங்காது. கீழேயுள்ள ஒரு நிலையம் செய்மதியைக் காப்பாற்றியது, இன்னொரு நிலையம் அதை வழிதவறச் செய்தது. ஹாலி குடாவை வேறுபடுத்தியது அது நிலத்தில் இருந்தது என்பதல்ல. அங்கே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், எவரும் கேட்காதபோதும், ஒரே விதத்தில் கவனமாக எழுதிவைக்கப்பட்ட பதிவு இருந்தது. 1987 செப்ரெம்பரில் மொன்றியல் உடன்படிக்கை கைச்சாத்தானது. இந்த விடயத்தில் உலகம் விரைந்து செயற்பட்டமைக்குப் பின்னால் இரண்டும் இருந்தன: நிலத்திலிருந்து ஒரு நீண்ட கோடு, வானிலிருந்து ஒரு முழுப்படம்.

5. குளிர்ந்த வளிமண்டலம்

ரைரோஸ்-என்னுடன் தொடங்கிய வெப்பநிலைப் பதிவின் கதை இதைவிடச் சூடானது. 1990இல் அலபாமாவைச் சேர்ந்த ரோய் ஸ்பென்சர், ஜோன் கிறிஸ்ரி ஆகிய இருவரும் அந்த நுண்ணலைத் தரவுகளைக் கோத்து, முதல் பத்து ஆண்டுகளில் வளிமண்டலத்தின் கீழடுக்கில் குறிப்பிடத்தக்க வெப்பமேற்றம் எதுவும் தெரியவில்லை என்று 'சயன்ஸ்' சஞ்சிகையில் எழுதினார்கள். நிலத்து வெப்பமானிகளோ வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தன. 1990கள் முழுவதும் காலநிலை மாற்றத்தை மறுத்தவர்களின் கையில் இது ஆயுதமாயிற்று. நகரங்களின் நடுவே நிற்கும் வெப்பமானியை நம்புவதா, பூமி முழுவதையும் பார்க்கும் செய்மதியை நம்புவதா என்று அவர்கள் கேட்டார்கள். செய்மதிக்கு அரசியல் இல்லை என்ற அதே வாதம்.

1998இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த பிராங்க் வென்ற்ஸும் மத்தியாஸ் ஷாபலும் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்கள். விண்வெளியின் விளிம்பிலும் சிறிது காற்று உண்டு. அதன் உராய்வினால் செய்மதிகள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் என்ற வீதத்தில் தாழ்ந்துகொண்டிருந்தன. உயரம் குறையும்போது கருவி பார்க்கும் கோணம் மாறுகிறது. அந்தச் சிறு மாற்றம் கணக்கில் ஒரு பொய்யான குளிர்ச்சியாக வெளிப்பட்டது. பூமி குளிரவில்லை, செய்மதி விழுந்துகொண்டிருந்தது. 2005இல் கார்ல் மியர்ஸும் வென்ற்ஸும் இன்னொரு பிழையைக் கண்டார்கள். செய்மதி ஓரிடத்தைக் கடக்கும் உள்ளூர் நேரம் ஆண்டுதோறும் சிறிது நகர்கிறது. காலை வெப்பமும் மாலை வெப்பமும் ஒன்றல்ல என்பதால் அதற்கு ஒரு திருத்தம் செய்யவேண்டும். அலபாமாக் குழுவின் திருத்தம் வெப்பமண்டலத்தில் கூட்டவேண்டிய இடத்தில் கழித்திருந்தது. ஸ்பென்சரும் கிறிஸ்ரியும் இதை ஏற்றுக்கொண்டு தமது பதிவைத் திருத்தினார்கள். காலநிலை பற்றிய அவர்களது பொதுக் கருத்து மாறவில்லை. ஆனால் எண் மாறியது. அவர்களது பதிவே இன்று வெப்பமேற்றத்தைக் காட்டுகிறது.

கடல்மட்டப் பதிவுக்கும் இதே அனுபவம் உண்டு. 1992 ஓகஸ்ட்டில் அமெரிக்காவும் பிரான்ஸும் சேர்ந்து ஏவிய 'ரொபெக்ஸ்-பொசைடன்' செய்மதியின் தொடக்க ஆண்டு அளவுகள் கடல்மட்ட உயர்வை மிகைப்படுத்திக் காட்டின. துறைமுகங்களில் நிற்கும் கடல்மட்ட மானிகளோடு ஒப்பிட்டபோது அவை பொருந்தவில்லை. தேடிப் பார்த்ததில், கணனிக் கணக்கில் ஒரு திருத்தம் பிழையாகச் செய்யப்பட்டிருந்தது 1996இல் தெரிந்தது. ஒருமுறை குளிர்ச்சியைக் காட்டிய பிழை, இன்னொருமுறை உயர்வை மிகைப்படுத்திய பிழை. இரண்டும் ஒரே முறையில் கண்டுபிடிக்கப்பட்டன, இரண்டும் திருத்தப்பட்டன. அதன் பிறகு அடுத்தடுத்து வந்த செய்மதிகளையும் சேர்த்து, 1993இலிருந்து உலகக் கடல்மட்டம் சராசரியாக ஏறத்தாழ 10 சதமமீற்றர் உயர்ந்திருக்கிறது என்று இன்று சொல்கிறார்கள். நான் அதை நம்புகிறேன். செய்மதி சொன்னதற்காக அல்ல, அதை மறுக்க முயன்றவர்களுக்கு அந்தத் தரவு திறந்து கிடந்தது என்பதற்காக.

6. எண் கரை சேர்வது

இதுவரை சொன்னவை அளப்பவர்களுக்கு இடையிலான வழக்குகள். அளக்கப்படும் கடலின் ஓரத்தில் வாழ்பவர்களுக்கு இந்த எண்கள் என்ன செய்தன?

1970 நவம்பர் 12ஆம் திகதி இரவு, அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் கரையைப் பெரும் சூறாவளி தாக்கியது. மூன்று இலட்சத்திலிருந்து ஐந்து இலட்சம் வரையான மக்கள் மாண்டனர். அமெரிக்க வானிலைச் செய்மதிகள் அந்தச் சூறாவளியைப் படம்பிடித்திருந்தன. புயல் வருகிறது என்பது கரையோர மக்களில் பெரும்பாலானோருக்கு வானொலி வழியாகவோ வாய்வழியாகவோ தெரிந்திருந்தது என்று பின்னர் நடத்தப்பட்ட விசாரிப்புகள் கூறின. ஆனால் பாதுகாப்பான இடம் தேடிச் சென்றவர்கள் மிகச் சிலரே. செல்வதற்கு இடமும் இருக்கவில்லை, சொன்னவர்களை நம்புவதற்கான காரணமும் இருக்கவில்லை. அந்த அரசு தன் மக்களைப் பாராமுகமாக விட்ட விதம் அடுத்த மாதத் தேர்தலில் எதிரொலித்தது, அடுத்த ஆண்டில் அந்த நாடே பிரிந்தது.

வங்காளதேசம் 1972இல் செஞ்சிலுவையின் துணையுடன் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கிராமந்தோறும் தொண்டர்கள், கையில் ஒலிபெருக்கி, ஏற்றுவதற்குக் கொடி. பின்னர் தூண்களின் மேல் நிற்கும் புயல் காப்பிடங்கள் எழுந்தன. உடனே பலன் கிடைக்கவில்லை. 1991இல் மீண்டும் ஏறத்தாழ 138,000 பேர் மாண்டனர். அதன் பிறகு காப்பிடங்கள் பெருகின. 2007இல் 'சிதர்' என்ற கடும் சூறாவளி வந்தபோது இறந்தவர்கள் ஏறத்தாழ 3,400 பேர். இந்தியாவின் ஒடிசாவில் 1999இல் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தனர். 2013இல் 'பைலின்' வந்தபோது பத்து இலட்சம் அளவான மக்கள் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர், இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. இடைக்காலத்தில் செய்மதிகளும் முன்னறிவிப்புகளும் மேம்பட்டது உண்மை. ஆனால் 1999இலும் ஒடிசாவின் புயலை இந்தியச் செய்மதி பார்த்துக்கொண்டுதான் இருந்தது. வித்தியாசத்தின் பெரும்பகுதி அந்தக் கடைசிச் சில கிலோமீற்றரில், கதவைத் தட்டிய மனிதரில் இருந்தது.

இனி எமது கரைக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26, இலங்கை நேரம் காலை ஏழு மணியளவில் சுமாத்திராவுக்கு அருகே கடலடி பிளந்தது. ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்கள் கழித்து, ரொபெக்ஸ்-பொசைடனும் அதன் வழித்தோன்றலான 'ஜேசன்-1'உம் தற்செயலாக இந்து சமுத்திரத்தைக் கடந்தன. ஆழ்கடலில் அறுபது சதமமீற்றர் அளவில் எழுந்து சென்றுகொண்டிருந்த ஆழிப்பேரலையை அவற்றின் உயரமானிகள் பதிவுசெய்தன. வெட்டவெளிக் கடலில் இத்தகைய அலையின் வடிவம் இவ்வளவு தெளிவாக விண்ணிலிருந்து அளக்கப்பட்டது அதுவே முதற்தடவை. விஞ்ஞானத்துக்கு அரிய பேறு. ஏறத்தாழ அதே நேரத்தில்தான் அந்த அலை கல்முனையிலும் மட்டக்களப்பிலும் முல்லைத்தீவிலும் கரையேறிக்கொண்டிருந்தது.

இதில் செய்மதியைக் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. அது எச்சரிப்பதற்காக அமைக்கப்பட்டதல்ல. அதன் தரவு நிலத்துக்கு வந்து கணக்கிடப்பட மணித்தியாலங்கள் ஆகும். இருக்கவேண்டியது வேறு: நில அதிர்வு மானிகளையும் கடல்மட்ட மானிகளையும் இணைத்து, கரையிலுள்ள மக்கள் வரை சென்றடையும் எச்சரிக்கை அமைப்பு. பசுபிக் சமுத்திரத்துக்கு அது பல பத்தாண்டுகளாக இருந்தது. இந்து சமுத்திரத்துக்கு இருக்கவில்லை. இலங்கையில் மட்டும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்த பின்னரே அதற்கான பணிகள் தொடங்கின. கடலைச் சதமமீற்றர் அளவுக்கு அளக்க முடிந்த உலகத்துக்கு, அலை வந்து சேர்வதற்கிடையில் கரைக்கு ஒரு செய்தி அனுப்ப முடியவில்லை.

7. எவருடைய பதிவு?

நண்பர்கள் இருவரிடமும் திரும்பி வருகிறேன். முதலாமவருக்கு: அளவு மனிதர்களால் ஆக்கப்படுவது. எதை அளப்பது, எதைச் சந்தேகிப்பது, எதைத் திருத்துவது, எதைப் பூட்டிவைப்பது ஆகிய ஒவ்வொன்றிலும் தீர்மானங்கள் உண்டு. இரண்டாமவருக்கு: ஆக்கப்பட்டது என்பதனால் அது பொய்யாகிவிடாது. மேலே சொன்ன பிழைகள் ஒவ்வொன்றும் பிடிபட்டதற்குக் காரணம், எதிர்த்துக் கேட்கத் தரவும் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பதிவும் இருந்ததே. எல்லாம் கதையாடலென்றால், கூட்டவேண்டிய இடத்தில் கழித்தவரைத் திருத்தும் உரிமையையும் நாம் இழந்துவிடுகிறோம். அது பலவீனர்களுக்கு உகந்த தத்துவமல்ல.

இன்னொரு கேள்வி எனக்கு எஞ்சுகிறது. 105 நாட்களே வாழ்ந்த சீசாட்டின் ரடார் பதிவுகள் பழைய நாடாக்களில் பல்லாண்டுகள் கிடந்தன. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2013இல், அலாஸ்காவிலுள்ள ஒரு நிறுவனம் அவற்றை மீட்டு, எவரும் எடுத்துப் பார்க்கக்கூடிய படங்களாக வெளியிட்டது. 1978 கோடையில் ஒரு கடற்பரப்பு எப்படி இருந்தது என்பதை இன்று எங்கிருந்தும் பார்க்கலாம். அதே 1978 நவம்பரில், மட்டக்களப்பில், அந்த இரவுக்கு முன்னர் என்ன எச்சரிக்கை எவர் வழியாக எந்தக் கிராமத்தை அடைந்தது, எவர் எங்கே ஒதுங்கினார்கள், கடற்தொழிலாளர்கள் எந்த அறிகுறியைக் கண்டு தோணிகளைக் கரையேற்றினார்கள் என்பதற்கு அத்தகைய பதிவு எங்கே இருக்கிறது? பார்த்தவர்கள் பலர் போரில் மாண்டார்கள். சிலர் 2004இல் கடலோடு போனார்கள். மிஞ்சியவர்களில் கணிசமானோர் எம்மைப்போல ரொரன்ரோவிலும் பாரிஸிலும் இலண்டனிலும் முதுமையடைந்துகொண்டிருக்கிறார்கள்.

மேலிருந்து வரும் எண்ணைச் சரிபார்க்க நிலத்தில் தொடர்ச்சியான பதிவு வேண்டும் என்பதே இந்த வரலாறு தரும் பாடம் என்றால், அது வளிமண்டலத்துக்கு மட்டும் உரிய பாடமல்ல. எமது நிலத்தைப் பற்றியும் கடலைப் பற்றியும் நாமே எழுதிவைத்த பதிவு இல்லாதவரை, பிறர் அளந்து தருவதை நம்புவதா மறுப்பதா என்று தேநீர் ஆறும்வரை விவாதிப்பதைத் தவிர எமக்கு வேறு வழியில்லை. ஒப்பிடுவதற்கு எம்மிடம் எதுவும் இராது.

அந்த இரவை மறவாதவர்கள் எம்மிடையே இன்னமும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு, திகதியும் இடமும் நேரமும் குறித்து எழுதிவைக்கும் வேலையை எவராவது தொடங்கவேண்டும். இக்கட்டுரையை மறுக்க விரும்புபவர்களும் அந்த வேலையில் பங்குகொண்டே மறுக்கலாம்.